எந்தக் காட்டில் போய் உட்காருவது

அக்கா மகன் கல்யாணத்துக்கு ஈப்போ போவதென்று முடிவான அன்றைக்கே எங்கள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கல்யாணம் முடிந்து கையில் மிஞ்சும் நாட்களில் ஒரு மழைக்காட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் இவருக்கும் ஒரே எண்ணம்தான். எந்தக் காடு என்பதில்தான் தகராறு. மலேசியா முழுக்கக் காடாம். வரைபடத்தைக் கைப்பேசியில் விரித்தால் பச்சையாக வழிகிறது. எங்கள் செஞ்சியை விரித்தால் கல் நிறத்தில் மூன்று குன்று, நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டு.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், செல்வம். கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ் கடை. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. ஒரு பக்கம் கட்டையை ஊன்றி நடப்பார். வெளியே போக மூன்று சக்கர ஸ்கூட்டர். ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் விழும் தெருவில் பிறந்தவர், அதன் முதல் வாசலைத் தாண்டி மேலே போனதில்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் கோபம் வரும். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுக் குளத்தங்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி, பைனாகுலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாறை இடுக்கில் கண் மூடி நிற்கும் கொம்பன் ஆந்தையைக் கீழே இருந்தே கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தில் போய் நின்றாலும் எனக்கு அது பாறையாகத்தான் தெரியும்.

பெரிய வளைந்த அலகுள்ள இருவாச்சிப் பறவை மட்டும் செஞ்சிக்கு வராது. அதற்கு வானத்தை முட்டும் மரம் வேண்டும், மரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து வேண்டும். இவருடைய பறவைக் கூட்டாளிகள் வருடா வருடம் வால்பாறைக்குப் போய்வந்து போட்டோ காட்டுவார்கள். இவரையும் கூப்பிடுவார்கள். போனதே இல்லை. எனக்காக நீங்க எல்லாரும் மெதுவா நடப்பீங்க, அத பாத்துனு வர்றதுக்கு பறவ எதுக்கு என்பார். காட்டில் பறக்கும் ஒரு இருவாச்சியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் ஆசை வேறு. மனிதக் கை படாத காடு வேண்டும் எனக்கு. நான் கவிதை எழுதுகிறவள், அதையும் நடந்துகொண்டே எழுதுகிறவள். ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் உடம்பில் எறும்பு ஊரும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு காட்டைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். மே மாதத்தில் எங்கள் ஊரில் எல்லாக் குளமும் காய்ந்து, ஏதோ ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். கொக்கு, கீரி, நரி, பாம்பு எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே போய் அசையாமல் உட்கார்ந்தால் மொத்த ஊரும் கண் முன்னால் நடந்து போகும்.

"அதே மாரி ஒரு தண்ணி எடம் புடிச்சிட்டா நடக்கற வேலையே இல்ல மலரு. மழ கம்மியா இருக்கற மாசம், ஒரு குளம், குளத்துக்கு எதுக்க மறஞ்சி ஒக்கார ஒரு குடிசை. அவ்ளோதான்."

அப்படி ஒரு இடம் கிடைத்தது. நாட்டின் நடுவே, பல கோடி வருடம் பழையது என்று சொல்லப்படும் பெருங்காடு. தங்கும் விடுதியிலிருந்து மரப்பலகைப் பாதை. பாதை முடிவில் குளம். குளத்தைப் பார்த்தபடி ஒரு மறைவுக் குடில். பழைய காடு என்பதில் எனக்கு மகிழ்ச்சி, குளம் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. இரண்டு வறண்ட தலைகளும் ஒன்றாக ஆட்டிக்கொண்டன.

ஈப்போ கல்யாணம் நன்றாக நடந்தது. வாழையிலையில் சோறு, அப்பளம், ஆட்டுக்கறி. பக்கத்து மேசையில் சீனக் குடும்பம் ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கி சூப்பாகக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டது. காட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதும் சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஒருவர் மிருகக்காட்சி சாலையே போதும், கூண்டுக்குள் இருப்பதால் கண்டிப்பாகத் தெரியும் என்றார். அக்கா எங்களை விநோதமாகப் பார்த்தாள். அவள் புகுந்த வீட்டார் ரப்பர்த் தோட்டத்தில் அட்டைக்கடி பட்டு வளர்ந்தவர்கள். காட்டிலிருந்து வெளியே வர மூன்று தலைமுறை ஆயிற்று, நீங்கள் காசு கொடுத்து உள்ளே போகிறீர்களா என்று கேட்டாள். நான் இன்னொரு ரசகுல்லா எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் சிநேகிதன் குணா வேனோடு வந்தான். ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. சிரித்த முகம், ஓயாத பேச்சு. காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் செம்பனை மரங்கள், ஒரே உயரம், ஒரே இடைவெளி, ராணுவ அணிவகுப்பு மாதிரி. இதுதான் காடா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லக்கா, இது எண்ணெய் என்றான் குணா.

ஆற்றங்கரையில் வேன் நின்றது. படகுத்துறைக்குச் செங்குத்தாகப் படிக்கட்டு இறங்கியது. இவர் கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்தார். பிறகு அடுத்த படிக்கு. அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். வீட்டு மாடியிலும் அப்படித்தான் இறங்குவார், அது அவர் நடை. படகுக்காக வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் உதவிக்குக் கையை நீட்டினாள். இவர் அந்தக் கையைக் குலுக்கி வணக்கம் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போனார்.

குணாவோடு படகில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், மறைவுக் குடிலில் பகல் முழுக்க உட்கார்ந்தோம். என்னைப் பொறுத்தவரை அது ஒரு தவம். காடு கண் முன்னால் சுவராக நின்றது. பச்சை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. இங்கே ஈரத்துக்கு ஒரு பச்சை, இருட்டுக்கு ஒரு பச்சை, இப்போதுதான் பிறந்து வெட்கத்தில் சிவந்திருக்கும் இலைக்கு இன்னொரு பச்சை. சத்தம் மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ரம்பம் அறுப்பது போல், யாரோ பாத்திரம் தேய்ப்பது போல். எந்தச் சத்தத்துக்கும் உடம்பு தெரியவில்லை.

குளத்துக்கு ஒரு உடும்பு வந்தது. நீந்தியது, போனது. பிறகு மழை வந்தது. மழை கம்மியான மாதத்தின் மழை, எங்கள் ஊர் ஐப்பசியை அள்ளி ஒரு மணி நேரத்தில் கொட்டியது. மழை விட்டதும் குரங்குகள் வந்தன. கோட்டைக்குப் போகும்போது பையை அக்குளில் இடுக்கி, கையில் குச்சியோடு நடந்து பழகியவள் நான். இது காட்டுக் குரங்காயிற்றே, மனிதரைக் கண்டால் ஓடும் என்று நம்பிப் பையை வெளியே வைத்திருந்தேன். ஒன்று வந்து ஜிப்பை நிதானமாகத் திறந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன வேர்க்கடலை உருண்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று நாங்கள் கிட்டத்தில் பார்த்த காட்டு விலங்கு அதுதான்.

மறுநாளும் குளம் சும்மா கிடந்தது. விடுதியின் வழிகாட்டி ஐனி என்று ஒரு மலாய்ப் பெண். முக்காட்டுக்கு மேல் தொப்பி போட்டிருந்தாள். எதற்காக இப்படிக் குளத்தையே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க வரும் இல்லையா என்றோம். எங்கள் சூத்திரத்தைக் குணா மலாயில் விளக்கினான். அவளுக்குப் புரியவே நேரம் பிடித்தது. இங்கே இலையில் தண்ணீர், மரப்பொந்தில் தண்ணீர், யானை மிதித்த குழியில் தண்ணீர், இதில் யார் மெனக்கெட்டுக் குளத்துக்கு வருவார்கள் என்றாள். இந்தக் காட்டில் கிடைக்காதது உப்புதான். உப்பு மண் இருக்கும் இடத்துக்குத்தான் விலங்குகள் தேடி வரும். பழம் கிடைக்கும் மரத்துக்குத்தான் பறவைகள் வரும். அங்கேயும் குடில் இருக்கிறது. ஆனால் வேர் தாண்டி, ஓடை தாண்டி, நடந்து போக வேண்டும்.

எது தட்டுப்பாடோ அங்கேதான் கூட்டம் என்பதில் தப்பே இல்லை. தட்டுப்பாட்டைத்தான் ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டோம். இவர் பைனாகுலரை உறையில் போட்டு மூடினார். நம்ம ஊரு புத்தி நம்ம ஊரோட என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். இவரிடம் கேட்காமல் ஐனியிடம் பேசி ஏற்பாடு செய்தேன். மறுநாள் காலையில் இவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலியை ருசித்துக்கொண்டிருந்தார். வாசலில் நான்கு இளைஞர்கள் ஒரு நாற்காலியோடு வந்து நின்றார்கள். நாற்காலியின் இரு பக்கமும் நீளமாக மூங்கில் கட்டியிருந்தது. இவர் நாற்காலியைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாடி இது? என்ன உற்சவர் ஆக்கிட்டியா?"

குணா வெடித்துச் சிரித்தான். மொழி புரியாத அந்த நான்கு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். உட்கார்ந்துகொண்டு இலையில் இருந்த சோற்றை முடித்தார். அவர் முடிக்கும் வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாலு பேரு தோள்ல ஏர்ற நாளு தானா வரும் மலரு. அதுக்கு இங்க வந்து அவசரப்படணுமா?"

"இருவாச்சி பாக்கணும்னு நீங்கதான..."

"பாக்கணும். நான் பாக்கணும். என்ன தூக்கினு போய் காட்டக் கூடாது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சினுகீற நீ." கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த பயணத்துல கெடைக்கலன்னா விட்ரலாம். இனிமே காடு கீடுன்னு என்ன எங்கயும் கூப்டாத."

இருபத்தைந்து வருடமாக எத்தனையோ கோபித்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கோபத்திலும் இவர் கதவைச் சாத்தியதில்லை. ஊர் ஊராகச் சேர்ந்து போவதுதான் எங்கள் குடித்தனம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது அதுதான். இவர் வராமல் நான் மட்டும் எங்கே போய் என்னத்தைப் பார்ப்பது? உப்பு மண் குடிலுக்கு நான் போகவில்லை. ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்தேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை.

குணாதான் வழி சொன்னான். வடக்கே, தாய்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு ஏரி இருக்கிறது, தெமெங்கோர். அணை கட்டியபோது மலைக்காட்டுக்குள் தண்ணீர் புகுந்து நின்ற ஏரி. சுற்றிலும் பெலும் காடு. "படகுலயே ஒக்காந்திருக்கலாம்ணே. நடக்கறவனும் அங்க ஒக்காந்துதான் ஆகணும், வேற வழி கெடையாது. நீங்களும் அவனும் ஒண்ணு."

எனக்கு மனம் ஒப்பவில்லை. அணை கட்டி மூழ்கடித்த காடா? கை படாத காட்டைத் தேடி வந்தவள், கழுத்தை நெரித்த காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? மறுநாள் படகில் துறைக்குத் திரும்பியதும் வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் வேன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருந்தார்.

"முழுகின காட்டுக்கு மேல பறவ பறக்காதா?" என்றார்.

ஒரு பகல் முழுக்கப் பயணம். மலைச்சாலையில் டயர் பஞ்சராகி நின்றோம். பக்கத்துப் பழக்கடைக்காரர் டுரியானைப் பிளந்து நீட்டினார். வாசனை ஒரு தெருவையே விரட்டும், சுவையோ பலாவுக்குள் யாரோ பாலாடையை வைத்துத் தைத்த மாதிரி. இவர் இரண்டு சுளை தின்றுவிட்டு, ஊருக்கு வாங்கிப் போனால் பஸ்ஸில் ஏற்றமாட்டான் என்றார். கோபத்துக்குப் பிறகு என்னிடம் அவர் சகஜமாகப் பேசிய முதல் பேச்சு. டயரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் ஏரி. சொல்லி வைத்திருந்த படகு வீடு துறையில் காத்திருந்தது. தண்ணீருக்கு மேலே பட்ட மரங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. கிளையில்லை, பட்டையில்லை, எலும்பு நிறம். ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் நிழல் தலைகீழாகத் தொங்கியது. கரையில் உயிருள்ள காடு மலை மலையாக ஏறிப் போனது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு செம்மண் விளிம்பு. பார்க்க வலித்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. செத்த மரத்தின் உச்சிகளில் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. பொந்துகளில் மைனாக்கள் குடியிருந்தன. முழுகினது முழுகினதுதான். ஆனாலும் மிச்சம் நிற்கிற மரத்தில் யாரும் வீடு காலி செய்யவில்லை.

அன்று மாலை இருவாச்சிகள் போயின. குணா கத்தினான், அதோ அதோ என்று. வெகு உயரத்தில், தூறலுக்கு அப்பால், முற்றுப்புள்ளிகளை யாரோ வரிசையாக வைத்துக்கொண்டே போனது போல ஒரு கோடு. பைனாகுலர் கண்ணாடியில் ஈரம் படிந்து புகைந்தது. இவர் துடைத்தார், மறுபடி புகைந்தது. துடைத்து முடிப்பதற்குள் மலை விழுங்கிவிட்டது. எப்படிண்ணே என்றான் குணா ஆசையாக. நல்லா இருந்துது தம்பி, புள்ளி தெரிஞ்சிது என்றார். அவன் மனம் நோகக் கூடாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கு எவ்வளவு என்று எனக்கு அளக்கத் தெரியும்.

மறுநாள் கடைசி நாள். மத்தியானத்துக்குள் வேன் கிளம்பினால்தான் விமானத்தைப் பிடிக்கலாம். விடியற்காலையில் சின்னப் படகு ஒன்றில் கிளம்பினோம். படகுக்காரர் அந்தக் காட்டின் பழங்குடி, அதிகம் பேசாதவர். குணா பின்னால், நான் நடுவில், இவர் முன்பலகையில். படகு வீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, தானே இறங்கிக்கொண்டார். யாரும் கை கொடுக்கவில்லை. நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பனி இறங்கியது. எங்கள் ஊர் மார்கழிப் பனி ஒரு துப்பட்டா என்றால் இது மெத்தை. கரை போயிற்று, மலை போயிற்று, பிறகு படகின் மூக்கும் போயிற்று. பட்ட மரம் ஒன்று திடீரென்று பக்கத்தில் முளைத்து, உரசிக்கொண்டு பின்னால் போனது. படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார். இதற்குள் ஓட்டினால் மரத்தில் மோதும், பனி விலகும் வரை இருக்க வேண்டியதுதான் என்று குணா மொழிபெயர்த்தான்.

எனக்குப் பதற்றம். விமானம், வேன், மூட்டை கட்டாத துணி. இவருக்கு இது கிடைக்காமல் போனால் அப்புறம் என்ன என்கிற கேள்வியும் கூடவே வந்தது. எவ்வளவு நேரமாகும் என்று கேட்க வாயைத் திறந்தேன். முன்பலகையிலிருந்து ஒரு கை பின்னால் வந்து என் முழங்காலை அழுத்தியது. பேசாதே என்று அர்த்தம்.

முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மேலே எங்கேயோ, பெரிய ஜமக்காளத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறுவது போல. உதறல், இடைவெளி. உதறல், இடைவெளி. ஒவ்வொரு உதறலும் முந்தியதைவிடக் கிட்டே. பறவையின் சிறகிலிருந்து இவ்வளவு பெரிய மூச்சு வருமென்று எனக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது, கடந்தது, கரைந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை, வெறும் வெள்ளை.

போயிடுச்சே அண்ணே, தெரியாமலே போயிடுச்சே என்று குணா முனகினான். அழுதுவிடுவான் போல இருந்தது. படகுக்காரர் இன்ஜின் கயிற்றைக் கையில் எடுத்தார். இவர் திரும்பாமலே கையைத் தூக்கி வேண்டாம் என்றார்.

"ஜோடியாதான் போவும். இன்னொண்ணு வரும், இருங்க."

இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனித்துளி சேர்ந்து பலகையில் சொட்டும் சத்தம் கேட்டது. எனக்குள் ஊரும் எறும்புகள்கூட நின்று காது கொடுத்தன. முன்னால் இவருடைய முதுகு, கட்டம் போட்ட சட்டை, நரைத்த பின்கழுத்து. நான் பார்ப்பதற்கு அந்தப் பனிக்குள் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது சிறகு தொடங்கியது. இந்த முறை தாழ்வாக, இடப்பக்கத்திலிருந்து. இவர் கழுத்து நிமிர்ந்தது. பைனாகுலர் மார்பில் தொங்கியபடியே இருந்தது, கை அதைத் தேடவில்லை. ஒரு உதறல், கழுத்து இடப்பக்கம் ஏறியது. இன்னொரு உதறல், மோவாய் மேலே போனது. முன்பக்கம் பனி எங்கோ கிழிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தலை தேடும் தலையாக இல்லை, எதையோ கண்ணால் பிடித்துக்கொண்ட தலையாக இருந்தது. மெதுவாக, சிறகின் தாளத்திலேயே, இடமிருந்து வலமாக அது திரும்பியது. வலப்பக்கம் முழுக்கத் திரும்பி, தோளுக்கு மேல் என் பக்கமாக வந்தபோது முகம் தெரிந்தது. கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத முகம். பிறகு சத்தம் மலைப்பக்கம் போய் அடங்கியது. அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கண்ணுக்கு ஒரு இறகுகூடத் தெரியவில்லை. அது எங்கே வந்தது, எவ்வளவு தாழ்ந்தது, எந்தப் பக்கம் போனது என்று மட்டும் ஒன்று விடாமல் எனக்குத் தெரியும்.

"பாத்தியா மலரு?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.